ஒரே கூரை, ஒரே ஷிப்ட்

சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு ஹாத்தார்ன் என்றொரு பெரிய தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் இடம். 1931 நவம்பரில் அங்கே 14 ஆண்களை ஒரு தனி அறைக்கு மாற்றி, வழக்கமான வேலையையே கொடுத்தார்கள். என்ன நடக்கிறது என்று ஓர் ஆய்வாளர் கூடவே இருந்து குறிப்பெடுத்தார். ஒன்பது பேர் கம்பி இணைப்பவர்கள், மூன்று பேர் பற்றவைப்பவர்கள், இரண்டு பேர் சரிபார்ப்பவர்கள். அந்த அறையில் ஒரு விளையாட்டு இருந்தது. யாருக்காவது கை வேகமாக ஓடினால் பக்கத்தில் இருப்பவர் வந்து அவருடைய மேற்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவார். வாங்கியவர் திருப்பி ஒன்று கொடுக்கலாம். அதோடு சரி, கோபித்துக்கொள்ளக் கூடாது.

விளையாட்டுக்குப் பின்னால் கணக்கு இருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு செய்தால் போதும் என்று அவர்களுக்குள்ளேயே ஓர் எழுதாத வரம்பு. அதைத் தாண்டுகிறவன் எல்லாருடைய கூலி விகிதத்தையும் குறைக்க வழி செய்கிறான். ரொம்பவும் குறைவாகச் செய்கிறவன் அடுத்தவன் உழைப்பில் குளிர்காய்கிறான். மேலே போய்ப் போட்டுக்கொடுப்பவனைச் சேர்த்துக்கொள்ளவே கூடாது. மற்றபடி அங்கே ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தினமும் தகராறு நடந்தது. எல்லாருக்கும் சாப்பாடு வாங்கிவரப் போவது பெரும்பாலும் பற்றவைப்பவர்தான், ஏனென்றால் அவர் மதிப்பு ஒரு படி கீழே. விதிப்படி கூடாது என்றாலும் வேலையை மாற்றிக்கொண்டார்கள், பின்தங்கியவருக்குக் கை கொடுத்தார்கள். 1932 மே மாதம் ஆய்வு நின்றது. பெருமந்தத்தில் அவர்களுக்கே வேலை இல்லாமல் போயிற்று.

இவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போனார்களா? வெகு நன்றாகவே. நிறுவனத்துக்கு அதனால் லாபமா என்றால், இல்லை. அவர்களுக்கு? ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், இருக்கிற வேலையை இழுத்துப் பிடித்துச் செய்தவர்களை முட்டாள்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வேலையிடத்தில் மற்றவர்களோடு அனுசரித்துப் போக வேண்டும் என்பதை மறுப்பவர் இல்லை. கல்லூரியின் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் தொடங்கும் அந்த உபதேசம், பணி ஓய்வு நாளில் மாலை போட்டு 'சார் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை' என்று பேசுவது வரை வருகிறது. டேல் கார்னகி 1936இல் எழுதிய புத்தகம் இன்றும் தமிழில் புத்தகக் கண்காட்சிகளில் அடுக்கிக் கிடக்கிறது. சிரித்த முகம், பெயர் சொல்லி அழைப்பது, குறை கூறாமை, காது கொடுத்துக் கேட்பது: எதையும் தப்பென்று தள்ள முடியாது. ஆனால் இந்த வகை அறிவுரை எல்லாம் விஷயத்தை ஒருவருடைய குணத்துக்குள் வைத்துப் பார்க்கிறது. நூறாண்டு ஆய்வுகளைப் புரட்டினால் கிடைக்கும் சித்திரம் வேறு. ஒரே ஆள் ஓரிடத்தில் தங்கமாகவும் இன்னோரிடத்தில் சிடுமூஞ்சியாகவும் இருக்கிறார். கூலி எப்படிக் கணக்காகிறது, ஷிப்ட் எப்படிக் கைமாறுகிறது, தப்பு நடந்தால் யார் தலையில் விடிகிறது என்பவைதான் பெரும்பாலும் அதை முடிவு செய்கின்றன. இன்னொன்றும் தெரிகிறது. சத்தமே இல்லாமல் ஒத்துப்போகிற இடங்களில்தான் சில பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன.

நம்மிடமும் பழைய காலத்திலிருந்தே அக்கறை மேலே இருப்பவர் மீதுதான். திருக்குறளில் அரசனிடம் எப்படிப் பழகுவது என்று சொல்ல மன்னரைச் சேர்ந்தொழுதல் என 70ஆம் அதிகாரம் இருக்கிறது. அடுத்ததே குறிப்பறிதல், முகத்தைப் பார்த்து மனசைப் படிக்கும் கலை. பக்கத்து இருக்கை அமைச்சரோடு எப்படி நடந்துகொள்வது என்று தனி அதிகாரம் கிடையாது. உட்பகை என்கிற 89ஆம் அதிகாரம் ஓரளவு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, அதுவும் எச்சரிக்கையாக. அலுவலக அரசியலில் ஊறியவர்கள் இதைப் படித்தால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

மறுபடி ஹாத்தார்ன். குத்துவிளையாட்டுக்கு முன்பே, 1924 முதல், அங்கே சோதனைகள் நடந்துவந்தன. முதலில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். 1927இல் ரிலே என்ற தொலைபேசிப் பாகத்தைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளை, வேலை நேரம், சிற்றுண்டி என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போயிற்று. ஹார்வர்டிலிருந்து வந்த எல்டன் மேயோவும் அவரைச் சேர்ந்தவர்களும் இதற்குக் கொடுத்த விளக்கம் உலகம் முழுக்கப் பரவியது: கவனிப்பும் தோழமையும் கிடைத்ததால் அந்தப் பெண்கள் மனமுவந்து உழைத்தார்கள். மேலாண்மைப் படிப்பில் 'மனித உறவுகள்' என்று ஒரு பிரிவே இதிலிருந்து கிளைத்தது.

பின்னால் வந்தவர்கள் ஏடுகளைத் தோண்டிப் பார்த்தபோது கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. பெரிய பிரிவு முழுவதன் உற்பத்தியை வைத்துக் கணக்கிட்டு வந்த கூலியை, அந்த அறைக்குப் போனபின் அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை வைத்தே கொடுத்தார்கள். கூடச் செய்தால் கூடக் காசு கைக்கு வரும் என்பது கண்ணெதிரே தெரிந்தது. அது மட்டுமா? 1928 ஜனவரியில், ஐவரில் இருவர் ஓயாமல் பேசுகிறார்கள், சொன்னபடி கேட்பதில்லை என்று அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். ஒத்துழைப்பின் மகிமையை உலகுக்குச் சொன்ன ஆய்வில், ஒத்துழைக்காதவர்களை மாற்றிவிட்டுத்தான் ஆட்டம் தொடர்ந்தது. மேயோ சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த அறையில் நட்பு இருந்தது, பிறந்தநாள் கொண்டாடினார்கள், உடம்பு சரியில்லாதவளின் வேலையை மற்றவர்கள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் நட்பு, காசு, ஆள் மாற்றம் மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது நட்பை மட்டும் பிரித்தெடுத்துப் பெருமைப்படுத்துவது முதலாளிக்கு வசதியான பாடம். செலவில்லாத பாடமும்கூட.

வேலையின் அமைப்பு உறவை என்ன செய்கிறது என்ற கேள்வியை நேராகக் கேட்டவர்கள் லண்டனின் டாவிஸ்டாக் ஆய்வு நிலையத்தார். எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றி 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாம்ஃபோர்த் முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அந்த அனுபவம் கட்டுரை முழுக்க இருக்கிறது. பழைய முறையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓரிடத்தை எடுத்துக்கொண்டு, வெட்டுவது முதல் அள்ளுவது வரை தாங்களே செய்வார்கள். கூட்டாளியை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள், கூலியும் பொது. ஒருவர் அடிபட்டுப் படுத்தாலோ செத்தாலோ அவர் குடும்பத்தை மற்றவர் பார்த்துக்கொள்வதுண்டு. பிறகு இயந்திரமும் கன்வேயரும் வந்தன. நீண்ட சுவர் போன்ற முகப்பில் நாற்பது ஐம்பது பேர், மூன்று ஷிப்ட். ஒரு ஷிப்ட் வெட்டும், ஒரு ஷிப்ட் கன்வேயரை நகர்த்தும், ஒரு ஷிப்ட் அள்ளும். அள்ளுகிறவர் தன் பங்குத் தூரத்தில் தனியாக நிற்பார். முந்தின ஷிப்ட் சரியாக வெட்டாமல் விட்டுப்போனால் வலி முழுவதும் இவருக்கு. ஆனால் அந்த முந்தின ஷிப்ட்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

விளைவை டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் நான்காகச் சொன்னார்கள்: நமக்கென்ன என்று குறைவாகச் செய்வது, தனக்குத் தானே என்று ஒதுங்குவது, பழியை அடுத்த ஷிப்ட் மேல் தள்ளுவது, வேலைக்கே வராமல் இருப்பது. சுரங்கத்தொழிலாளிகள் திடீரென்று கெட்டவர்கள் ஆகிவிடவில்லை. வேலையைத் துண்டு துண்டாக வெட்டியபோது உறவும் துண்டாயிற்று. கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. வருகிற சைடர், அதாவது நூற்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி, முதலில் பார்ப்பது இயந்திரத்தைத்தான், போகிறவர் முகத்தை அல்ல. அறுந்த இழைகளைச் சேர்க்காமல் விட்டுப் போயிருந்தால் முதல் அரைமணி நேரம் அதற்கே போய்விடும். மேஸ்திரியிடம் புகார் போகும். நாளைக்குப் பழிக்குப் பழி இன்னும் கொஞ்சம் இழைகள் அறுந்தபடி கிடக்கும்.

டாவிஸ்டாக்கின் அடுத்த பெரிய சோதனை இந்தியாவிலேயே நடந்தது, இது நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி. 1953இல் ஏ. கே. ரைஸ் அகமதாபாத் கேலிகோ மில்லுக்கு வந்தார். சாராபாய் குடும்பத்தின் ஆலை. அங்கே தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. தறிக் கொட்டகையில் 12 வகை வேலை இருந்தது: நெசவாளர், ஊடைக் குச்சி நிரப்புகிறவர், பாவு மொத்தமாக அறுந்தால் சரிசெய்கிறவர், ஜாபர், எண்ணெய் போடுகிறவர், துணி தூக்குகிறவர், பெருக்குகிறவர் என்று. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக நேரம் அளந்து, ஒரு ஆள் எத்தனை தறி பார்க்கலாம் என்று பொறியாளர்கள் வகுத்திருந்தார்கள். நெசவாளருக்கு 24 அல்லது 32 தறி, ஊடை நிரப்புகிறவருக்கு 40, 50, அறுந்ததைச் சரிசெய்கிறவருக்கு இன்னும் அதிகம்.

இங்கேதான் சிக்கல். ஊடை நிரப்பும் ஒருவர் ஒரு நெசவாளரின் எல்லாத் தறிக்கும், இன்னொரு நெசவாளரின் பாதித் தறிக்கும் போக வேண்டும். அறுப்பைச் சரிசெய்கிறவர் மூன்று நெசவாளர்களுக்குப் பொது, அதில் ஒருவரை இன்னொருவரோடு பங்குபோட வேண்டும். ஆகவே யாருக்கும் நிலையான கூட்டாளி கிடையாது. எல்லாரும் எல்லாரையும் நம்பியிருந்தார்கள், யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு நெசவாளர்கள் கூப்பிட்டால் எங்கே முதலில் போவது? எங்கே போனாலும் ஒருவருக்குப் பகை. மனிதர்களை எவ்வளவு நல்லவர்களாகப் பொறுக்கி எடுத்துப் போட்டிருந்தாலும் இந்தக் கணக்கில் சண்டை வரத்தான் செய்யும்.

ரைஸின் யோசனை எளிது: இத்தனை தறிக்கு இந்த ஏழு பேர், உள் வேலையை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு பேச்சு வந்ததும் தொழிலாளர்கள் காத்திராமல் தாங்களே பேசிக் குழு சேர்ந்துகொண்டார்கள், அதுதான் நிர்வாகத்துக்கு வியப்பு. தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது, பிறகு உற்பத்தி உயர்ந்தது, துணி சேதம் குறைந்தது. காந்தி 1918 வேலைநிறுத்தத்தின்போது உண்ணாவிரதம் இருந்த ஊர் அது, 1920இல் பிறந்த மஜூர் மகாஜன் என்ற தொழிலாளர் சங்கம் வேரூன்றிய ஊர். பேசித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் ஏற்கெனவே ஊறியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1970இல் டாவிஸ்டாக்கைச் சேர்ந்த எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது ஒரு கொட்டகையில் குழுமுறை ஏறத்தாழ அப்படியே இருந்தது, மற்றவற்றில் கரைந்துபோயிருந்தது. நூலின் தரம், சந்தை நெருக்கடி, புதிய ஆட்களுக்குப் பயிற்சி இல்லாமை என்று வெளியிலிருந்து வந்த அழுத்தம் குழுவை உடைத்திருந்தது. ஒத்துப்போவதைக்கூடப் பராமரிக்க வேண்டியிருக்கிறது, இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற மாதிரி.

திருப்பூர்ப் பக்கம் ஒரு தையல் வரிசையை எடுத்துக்கொள்வோம். தோள் இணைப்பவர் ஓவர்லாக் அடித்து பண்டலைக் கட்டி அடுத்தவருக்குத் தள்ளுகிறார். அடுத்தவர் பேட்லாக்கில் கழுத்தோ அடிமடிப்போ அடிக்க வேண்டும். தோள் ஏறி இறங்கி வந்திருந்தால் அது இவர் கையில்தான் தெரியும். பீஸ் ரேட் என்றால் பிரித்துத் தைக்கிற நேரத்துக்குக் காசு இல்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பண்டலைத் தூக்கிக்கொண்டு போய் செக்கிங் மேசையில் போட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சூப்பர்வைசரிடம் சொல்வது. இன்னொன்று, எழுந்து அந்த மெஷின் பக்கம் போய், 'அக்கா, இந்தப் பண்டல்ல தோளு ஒரு பக்கம் ஏறி வருதுங்க, கொஞ்சம் பாத்து அடிங்க' என்பது. நல்ல வரிசைகளில் இரண்டாவது நடக்கிறது. ஆனால் அதற்கு நேரம் கொடுக்கிற வரிசையாக அது இருக்க வேண்டும். ஷிப்மென்ட் தேதி கழுத்தை நெரிக்கிற வாரத்தில், எழுந்து போகும் அந்த ஒரு நிமிஷமே கூலியிலிருந்து போகிறது என்றால், 'அக்கா' என்று ஆரம்பிக்க யாருக்கு மனம் வரும்?

ஆக எல்லாம் அமைப்புதான், சொல்லுக்கு வேலையே இல்லை என்று ஒரேயடியாகச் சாய்ந்துவிடவும் முடியாது. இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களுக்குப் பயிற்சி என்று சொல்லி, குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென்று மோசமாவதாக ஒரு பொம்மையை வைத்து ஒத்திகை நடத்தினார்கள். பாதிக் குழுக்களிடம் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் லேசாக மட்டம் தட்டிப் பேசினார், உங்கள் தரம் எனக்குப் பெரிதாகப் படவில்லை என்கிற தோரணையில். திட்டு இல்லை, அவதூறு இல்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கை வேலையிலும் குறிப்பிடத்தக்க அளவு தடுமாறின. ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும் தகவல் பகிர்வதும் குறைந்தது. 'நான் கொஞ்சம் கோபக்காரன், ஆனா மனசுல எதுவும் வெச்சுக்க மாட்டேன்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரிய டாக்டர்களுக்கும் மேனேஜர்களுக்கும் இந்த ஆய்வைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். அவர் மனதில் எதுவும் இருக்காதுதான். கேட்டவர் மனதில் இருக்கும், அடுத்த அரைமணி நேரம் அவர் கையிலும் இருக்கும்.

இனி மறுபக்கம். 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளின் டெனெரிஃபெ. மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுபாதையில் பறக்கத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில் எதிரே பான் ஆம் ஜம்போ வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் கேப்டன் நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சியாளர், விளம்பரங்களில் முகம் வந்தவர். பக்கத்தில் இருந்த துணைவிமானிக்கு அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதி இருக்கிறது என்று சில வாரங்களுக்கு முன் சான்று கொடுத்தவரும் அவரேதான். அனுமதி முழுமையாக வராமலே விமானம் ஓடத் தொடங்கியது. பின்னால் இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் தட்டியது, அந்த பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக விலகிவிட்டது என்றார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம். சக்கரம் சரியாக இறங்கியதா என்று கேப்டன் ஆராய்ந்துகொண்டே வானில் வட்டமடித்தார். எரிபொருள் குறைவது மற்ற இருவருக்கும் தெரிந்தது, சொல்லவும் செய்தார்கள், சொன்னதை அழுத்தவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். இரண்டு விமானி அறைகளிலும் வாய்ச்சண்டை கிடையாது, முறைப்பு கிடையாது. பணிவு நிறைய இருந்தது.

1979இல் நாசா ஒரு பயிலரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட் தன் விமானிகளுக்கு ஒரு புதுப் பயிற்சி தொடங்கியது: கீழே இருப்பவர் சந்தேகத்தை எப்படிச் சொல்வது, கேட்காவிட்டால் எப்படித் திரும்பச் சொல்வது, மேலே இருப்பவர் அதை எப்படிக் கேட்பது. அப்போது மூத்த விமானிகள் பலர் இதைக் கிண்டல் செய்தார்கள். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232இன் வால்பகுதி எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் கருவிகள் முழுக்கச் செயலற்றுப் போயின. கேப்டன் ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உட்பட நால்வர் சேர்ந்து, மீதி இரு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைத்து மட்டுமே சூ சிட்டி வரை கொண்டுவந்து இறக்கினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இப்படி ஒரு நிலைமைக்குப் பயிற்சி எதுவும் இல்லை, யாருக்கும் விடை தெரியாது என்பதை கேப்டன் மறைக்கவில்லை. அந்தப் புதுப் பயிற்சிதான் காப்பாற்றியது என்று ஹேன்ஸ் பின்னாளில் ஊர் ஊராகப் பேசினார்.

மருத்துவமனைக்கும் இது பரவியது. அறுவைசிகிச்சை மருத்துவர் அதுல் கவாண்டே முன்னின்று உருவாக்கிய உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். எட்டு நகரங்களில், புது டெல்லி உட்பட, சோதித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள்: இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியலில் மருந்து, ரத்தம், கருவி என்று மற்ற அம்சங்களும் உண்டு என்பதால் பெயர் சொன்னதாலேயே குறைந்தது என்று சொல்லக் கூடாது. ஆனாலும், பத்து வருஷமாக ஒரே தியேட்டரில் வேலை பார்த்தும் சிஸ்டர் என்பதைத் தாண்டிப் பெயர் தெரியாத அறைகளை நாம் அறிவோம். பெயர் தெரியாத ஒருவர் 'டாக்டர், ஒரு பஞ்சு குறையுது' என்று சொல்ல எவ்வளவு தயங்குவார் என்பதையும்.

தயங்காமல் வாய் திறப்பது எவ்வளவு முக்கியம் என்பதை ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் தற்செயலாகத்தான் கண்டார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எண்ணிக் கணக்கெடுத்தார். எண்ணிக்கை தலைகீழாக வந்தது: நல்ல பிரிவுகளில்தான் தவறு அதிகம். விசாரித்ததில், அங்கே தவறை மறைக்காமல் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மூடிவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அலுவலகம் ஒன்று எவ்வளவு ஒற்றுமையானது என்று பார்க்க எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல் இதுதான். பிறந்தநாள் கேக்கும் குரூப் போட்டோவும் எதையும் காட்டாது. புதிதாகச் சேர்ந்த கிளார்க் சீனியரிடம், 'சார், இந்த ஃபைல்ல கூட்டல் தப்பா இருக்கு' என்று தயங்காமல் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும்.

அதிகாரத்தின் உச்சியிலும் இதே கதைதான். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு தோற்று அமெரிக்காவின் கென்னடி அரசு பட்ட அவமானத்தை ஆராய்ந்த உளவியலாளர் இர்விங் ஜானிஸ், அறிவாளிகள் நிறைந்த அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் நோகடிக்காமல் இருக்க எல்லாரும் வாய் மூடிக்கொண்டதை 1972இல் ஒரு நூலாகவே எழுதினார். பன்றிகள் விரிகுடாவுக்கு மறு ஆண்டு வந்த கியூபா ஏவுகணை நெருக்கடியில் கென்னடி சில கூட்டங்களுக்குத் தானே போகாமல் விலகி நின்றார், தன் முன்னால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டதால். நம் ஊரில் மீட்டிங்கில் எல்லாரும் 'எஸ் சார்' என்று சொல்லிவிட்டு, டீக்கடையில் போய் உண்மையைப் பேசுவது இதன் சின்ன வடிவம்.

அடுத்து, ஒத்துப்போகச் சொல்லும்போது அதன் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ராஜஸ்தான் அரசுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவிக்கு 1992இல் நேர்ந்த பாலியல் வன்கொடுமையிலிருந்து பிறந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1997இல் வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா நெறிமுறைகளைத் தந்தது. 2013இல் சட்டம் வந்தது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு வேண்டும் என்று. விசாகாவுக்கு முன்பு 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' என்பதே பெண்களுக்குக் கிடைத்த ஒரே நெறிமுறை. இன்றும் பல இடங்களில் அதுதான். சாதியும் இப்படியே உள்ளே வருகிறது. 'சொந்த ஊர் எது, எந்தப் பக்கம்?' என்று சிரித்தபடி விசாரிப்பதும், மதியம் யார் டிபன் பாக்ஸ் யாரோடு திறக்கிறது என்பதும் யாரும் புகார் எழுத முடியாத அளவு மெல்லியவை. அதைச் சகித்துக்கொள்கிறவர் பெயர்தான் 'நல்லாப் பழகுவார்'. ஒரே வரிசையில், ஒரே வேலையை, நிரந்தர ஆள் ஒரு சம்பளத்துக்கும் ஒப்பந்த ஆள் அதில் ஒரு பகுதிக்கும் செய்யும் தொழிற்சாலையில் குழு உணர்வு வளர்க்கும் ஒருநாள் முகாம் நடத்தினால் என்ன நடக்கும்? மோர் குடித்துவிட்டு வருவார்கள்.

கால்வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றே இருக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்கு முன்பே, 2018இல் செய்திருந்தது. பத்து மணி நேரம் நின்றவர் பக்கத்துக் கவுண்டர்காரரிடம் எரிந்துவிழுந்தால் அதைக் குணக்கேடு என்று எழுதிவைக்கிறோம். ஒரு ஸ்டூல் போட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

தனி ஆளாக ஒருவர் செய்யக்கூடியது எவ்வளவு? அதிகமில்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. ஷிப்ட் விட்டுப் போகும்போது கோளாறை மறைக்காமல் சொல்லிவிட்டுப் போவது. குறையை முதலில் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகச் சொல்வது. அலுவலகத்தில் இன்று நடக்கும் சண்டைகளில் பாதி, பக்கத்து மேசையில் இருப்பவருக்கு எழுதும் மெயிலில் மேலதிகாரியை சிசி போடுவதில் தொடங்குகிறது. எழுந்து நான்கு அடி நடந்திருந்தால் முடிந்திருக்கும். அப்படி நடந்தும் தீராத ஆள் உண்டு, அவரிடம் நட்பு தேவையில்லை. வேலைக்கு வேண்டியதைத் தெளிவாகப் பேசிக்கொண்டால் போதும். பிடிக்காதவர்களோடு சேர்ந்து நல்ல வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர், சினிமாவிலும் நாடகக் குழுக்களிலும் தேடினால் நிறையக் கிடைப்பார்கள்.

இந்த ஆய்வுகள் எல்லாமே ஒரே அறையில், ஒரே சுரங்கத்தில், ஒரே விமானத்தில் இருந்தவர்களைப் பற்றியவை. இப்போது அறையே இல்லாத வேலைகள் பெருகிவிட்டன. சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் வாசலில் இரவு எட்டு மணிக்கு நிற்கும் டெலிவரிப் பையன்களுக்கு மேஸ்திரி கிடையாது, போனில் ஒரு செயலி. ஆர்டர் யாருக்கு விழும் என்பதில் அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டி, போட்டிருக்கும் சட்டையோ எதிரெதிர் நிறுவனங்களுடையது. இருந்தும் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த அபார்ட்மென்டில் செக்யூரிட்டி லிப்ட்டில் ஏற விட மாட்டார், எந்தக் கடையில் பார்சல் தாமதமாகும் என்பதெல்லாம் அங்கே நின்றபடியே கைமாறுகிறது. பவர் பேங்க்கும் கைமாறுகிறது. தமிழ்நாடு அரசு இவர்களுக்கென்று 2023இல் நல வாரியம் அமைத்தது. 2025இல் சென்னை மாநகராட்சி இவர்கள் உட்கார ஓய்வறைகள் கட்டத் தொடங்கியது. அங்கே ஏசி இருக்கிறது, சார்ஜ் போடும் வசதி இருக்கிறது. ஆர்டர் வராத பதினைந்து நிமிஷம் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள், அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதை நிறுவனங்களும் கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.